நெய்வேலி நெருப்பும் நெற்றி வியர்வையும்

(நெய்வேலி நகரியத்தில் தொழிற்சங்கத் தோழர்களும் சுற்றுப்புறச் சிற்றூர்த் தோழர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. எரிந்தால் எவரையும் நாம் நினைப்பதில்லை. எரியாவிட்டால் மட்டும் சர்க்காரை நினைக்கிறோம்! அந்த விளக்குக்குப் பின்னால் எத்தனை நெருப்பு, எத்தனை நீர், எத்தனை கைகள் இருக்கின்றன என்பதை இந்த ஊரில் நான் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். எனினும், ‘நவீனமாக்குகிறோம்’ என்ற சொல் இன்று ஓயாமல் ஒலிக்கிறதே, அந்தச் சொல்லின் பொருளை நாம் பேசித்தான் ஆகவேண்டும்.

ஒரு காலத்தில் நம் மாநிலம் மின்சாரத்துக்கு வானத்தையே பார்த்திருந்தது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என்று நீரை நம்பியே நின்றோம். மழை பொய்த்தால் ஆலைச் சக்கரமும் நின்றது. நிலக்கரி வேண்டுமென்றால் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரவேண்டும். அந்நிலையில்தான், 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் நீரோடு கலந்து வந்த கரும்பொருள் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20இல் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது.

சொல்லும்போது எளிது, செய்தபோது அப்படியா இருந்தது? மேலே கல்லாய் இறுகிய மணற்பாறை. கீழே படுகையையே பிளந்துகொண்டு மேலெழத் துடிக்கும் ஊற்று நீர். ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்றவேண்டும். கீழ்நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இறைப்பு நின்றால் சுரங்கத்தின் அடித்தரையே பெயர்ந்து எழும். ஜெர்மன் நாட்டு இயந்திரம் தோண்டிற்று. சோவியத் நாட்டு இயந்திரம் மின்சாரம் ஆக்கிற்று. அவற்றை இயக்கியவன் விருத்தாசலத்தானும் குறிஞ்சிப்பாடியானும் அல்லவா!

அந்தக் கரியின் குணத்தையும் சொல்லவேண்டும். அதில் ஏறத்தாழச் சரிபாதி நீர்! சாம்பல் குறைவு என்பது அதன் சிறப்பு. ஈரம் மிகுதி என்பது அதன் குறை. ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதிய தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே, கொதிகலனுக்குள் எரியும் நெருப்பிலிருந்தே ஆயிரம் பாகை அளவுக்குக் கொதிக்கும் புகையை அரவை ஆலைக்கு இழுத்து, கரியை உலர்த்திக்கொண்டே பொடியாக்கி, உடனே அடுப்புக்குள் ஊதுகிறார்கள். குழாய்களில் ஓடும் நீர் ஆவியாகிறது. ஆவி சுழலியைத் தள்ளுகிறது. சுழலி நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது. கம்பியில் மின்சாரம் பாய்கிறது. வேலை முடித்த ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கிக் கொதிகலனுக்கே அனுப்புகிறார்கள். ஆவியைக் குளிர்வித்த நீரின் சூட்டை ஆற்றுவதற்காகத்தான் நாம் தொலைவிலிருந்தே காணும் அந்தப் பருத்த கோபுரங்கள். அவற்றின் தலையில் எழும் வெண்மை கரிப்புகை அன்று, நீராவி.

முதல் அனல் மின் நிலையம் 600 மெகாவாட். 50 மெகாவாட் பிரிவுகள் ஆறு, 100 மெகாவாட் பிரிவுகள் மூன்று. கரியிலுள்ள வெப்பத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே அங்கு மின்சாரமாயிற்று. மற்றவை காற்றிலும் நீரிலும் கரைந்தன. அதற்கு ஈடாகக் கட்டப்பட்ட புதிய நிலையத்தில் 500 மெகாவாட் பிரிவுகள் இரண்டு. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரமாகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரி போதும். அதே மின்சாரத்துக்குக் கரி குறைகிறது, புகை குறைகிறது, தோண்டவேண்டிய நிலமும் குறைகிறது. இது நல்லது. இதை எதிர்ப்பவர் எவரும் நம்மிடையே இல்லை. 2019 டிசம்பரில் புதிய நிலையத்தின் முதற் பிரிவு ஓடத் தொடங்கியது. 58 ஆண்டு உழைத்த பழைய நிலையம் 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது.

புதியது என்பதாலேயே எல்லாம் சிறந்ததாகிவிடுமா? இரண்டாம் நிலையத்தின் விரிவாக்கத்தைப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லோடு கரியைச் சேர்த்து, காற்றில் மிதக்கவிட்டு எரிக்கும் புதுமுறை. கந்தகத்தை அடுப்பிலேயே பிடித்துவைக்கும் அறிவார்ந்த முறைதான். ஆனால் 2004இல் ஒப்புதல் பெற்ற அத்திட்டம் 2015இல்தான் உற்பத்திக்கு வந்தது. வந்தபின்னும் பழுதுகளால் அடிக்கடி நின்றது. நம் கரிக்கு ஏற்ற இயந்திரமா என்பதை, அதன் எதிரே நாள்தோறும் நிற்பவனைக் கேட்டிருக்கவேண்டாமா?

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

2020 மே 7. இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து, ஐவர் மாண்டனர். இரண்டு மாதம் முடியவில்லை, ஜூலை 1. அதே நிலையம், வேறொரு பிரிவு. அன்றே ஆறு பேர் கருகினர். மருத்துவமனையில் மேலும் பலர் கண் மூடினர். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர். பழுப்பு நிலக்கரி தானே தீப்பற்றும் தன்மையுடையது. தேங்கிக் கிடக்கும் பொடி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும், கிளறினால் வெடிக்கும். இது பாடநூலில் உள்ள செய்தி. புதிய கண்டுபிடிப்பு அன்று. பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்காலத் தொகை கட்டச் சொன்னது. பணத்தைக் கட்டலாம், மே மாதத்துப் பாடம் ஜூலைக்குள் ஏன் படிக்கப்படவில்லை என்ற கேள்விக்கு எந்தக் கருவூலத்திலிருந்து விடை தருவது?

ஒரே அடுப்பு. அதன் முன் நிரந்தரத் தொழிலாளி ஒருவன், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன். வெப்பம் இருவருக்கும் ஒன்று, கூலி இரண்டு! இருபதாண்டு அதே குழாயைத் துடைத்தவனைத் ‘தற்காலிகம்’ என்கிறார்கள். 58 ஆண்டு நின்ற நிலையத்துக்குத் தற்காலிகத் தொழிலாளியாம்! தமிழில் அச்சொல்லுக்கு வேறு பொருள் கண்டுபிடித்துவிட்டார்கள் போலும்.

சுரங்கத்தின் மறுகரையில் நிற்பவன் உழவன். 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் வரும் பருவத்து நெல்லின்மீது மண்வாரி இயந்திரங்கள் ஏறின. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாயாம். நிலம் முன்பே எடுக்கப்பட்டது, இழப்பீடு உண்டு என்றது நிர்வாகம். சட்டம் அப்படியே இருக்கட்டும். அறுவடைவரை பொறுக்க முடியாத அவசரம் என்ன? அதே மாதத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். இவ்விரு போராட்டங்களும் ஒன்றையொன்று பாராமல் நடந்தன, தோழர்களே! நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைதானே பல வீடுகளில் ஒப்பந்தத் தொழிலாளி?

ஒன்றுபட்டால் நடக்கும் என்பதற்கு நெய்வேலியே சான்று. 2006இல் பத்து விழுக்காடு பங்கை விற்க முனைந்தது மத்திய அரசு. எதிர்ப்பைக் கண்டு நிறுத்தியது. 2013இல் மீண்டும் வந்தது. எல்லாச் சங்கங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. முடிவில் 3.56 விழுக்காடு தனியாரிடம் போகாமல், ஏறத்தாழ 358 கோடி ரூபாய்க்குத் தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களின் கைக்கு வந்தது. கொடி பலவாக இருந்தும் குரல் ஒன்றாயிருந்த நாட்கள் அவை.

இரண்டாம் நிலையத்தின் ஏழு பிரிவுகளும் முப்பதாண்டைக் கடந்துவிட்டன. அவற்றின் முறையும் வரும். கூரையிலும் வெளியிலும் சூரிய மின்தகடு விரிக்கும் பணியில் நிறுவனம் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அங்கே அடுப்பும் இல்லை, அடுப்பின் முன் நிற்க ஆளும் வேண்டாம். ஆகவே, இப்போதே கேட்கவேண்டியவற்றைக் கேளுங்கள். பழைய பிரிவை மூடும் தேதியை அறிவிக்கும் ஏட்டிலேயே, அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளி மறுநாள் எந்த வாயிலில் நுழைவான் என்பதும் எழுதப்படவேண்டும். கொதிகலனைத் திறக்குமுன் கரிப்பொடி குளிர்ந்துவிட்டதா என்று சோதித்துக் கையொப்பமிடுபவர் யார் என்பதும், ‘இன்று உள்ளே போகமாட்டேன்’ என்று சொல்லும் தொழிலாளியின் கூலி வெட்டப்படாது என்பதும் எழுதப்படவேண்டும். வரும் வாயிற் கூட்டத்துக்குச் செல்லும் தோழர்கள் இதைத் துண்டறிக்கையாக அச்சிட்டு, வட்டந்தோறும், மந்தாரக்குப்பம் கடைத்தெருவிலும், நிலம் இழந்த ஊர்களிலும் கொடுங்கள்.