கையுறைக்குள் இருந்த ஈரம்

அங்கி அணிந்து அமர்ந்திருக்கும் இன்றைய பட்டதாரிகளே!

திருச்சி எனக்குப் புதிய ஊர் இல்லை. நான் துவாக்குடிப் பக்கம் வளர்ந்தவள். அப்பா துப்பாக்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். சாயங்காலம் வந்து சைக்கிளைத் திண்ணையில் சாய்த்துவிட்டு, கிணற்றடியில் சீயக்காய் போட்டு கையிலிருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவுவார். நான் பக்கத்தில் நின்று, "இன்னைக்கு என்னப்பா செஞ்சீங்க?" என்று கேட்பேன். "அதெல்லாம் கேக்கப்படாது கண்ணு" என்பார். தினமும் கேட்பேன், தினமும் அதே பதில்தான் வரும்.

பிறகு நானே வேதியியல் படித்து, பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையில் சேர்ந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அப்பா சொன்ன அதே வார்த்தையை என் பிள்ளைகளிடம் நானும் சொன்னேன். நாட்டின் பாதுகாப்புக்கு இரகசியம் தேவை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் தவறு வசதியாக உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் படைக்கும் அரசுக்கும் வெளியே இருக்கிற சிலரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "நீங்கள் கேளுங்கள்" என்று சொல்லும் ஏற்பாடு வேண்டியிருக்கிறது. ஆலோசனைக் குழு என்று நாம் சொல்வது அதைத்தான். அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்தேன்.

என் கண்முன் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். 1990களின் தொடக்கம். சியாச்சினில் 1984 முதல் நம் வீரர்கள் நிற்கிறார்கள். அங்கே எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் பறித்த உயிர்களே அதிகம். உறைபனியில் விரல் கறுத்து, அதை வெட்டி எடுக்க வேண்டிவந்த இளைஞர்களை மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக ஒரு புதுக் கையுறையை உருவாக்கும் குழுவில் நான் இருந்தேன். மூன்றடுக்குத் துணி. குளிர்பெட்டிக்குள் மைனஸ் நாற்பது டிகிரியில் வைத்துச் சோதித்தோம். எல்லா எண்களும் நன்றாக வந்தன. கோப்பில் கையெழுத்து ஆக வேண்டியதுதான் பாக்கி.

அந்தத் திட்டத்துக்கு வெளியாட்களைக் கொண்ட ஒரு சிறிய ஆலோசனைக் குழு இருந்தது. அதில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர், நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இராணுவம் தெரியாது, மலை தெரியாது. மே மாதம், மின்விசிறி மட்டும் ஓடும் அறை. நாங்கள் மாதிரிக் கையுறையை மேசையில் வைத்ததும் அவர் அதை எடுத்து வலது கையில் மாட்டிக்கொண்டார். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து வரைபடங்களை விளக்கினோம். அவர் கழற்றவே இல்லை. தேநீர் வந்தபோது இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். மூன்று மணி நேரம் கழித்து, "கேள்வி உண்டா?" என்று தலைவர் கேட்டபோது, அந்தக் கையுறையைக் கழற்றி, உட்புறத்தை வெளியே புரட்டி, மேசைமேல் வைத்தார். உள் துணி சொதசொதவென்று நனைந்திருந்தது.

"ஏனுங்க, அங்க மூட்டை தூக்கறப்போ கை வேர்க்குமில்லீங்களா? இந்த ஈரம் அப்புறம் என்ன ஆகுமுங்க?"

அறையில் ஒருவரும் பேசவில்லை. நாங்கள் சோதித்ததெல்லாம் உலர்ந்த கையுறையை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்றடிக்கும் மேட்டில், முதுகில் சுமையோடு ஏறுகிற ஒரு மனிதனின் கை அதற்குள் இருக்கும் என்பதை நாங்கள் சோதிக்கவில்லை. அன்று மாலையே அந்த ஈரக் கையுறையைக் குளிர்பெட்டியில் வைத்தேன். காலையில் எடுத்தபோது விறகுக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது.

அந்த மனிதர்மேல் எனக்கு அன்று கடுங்கோபம். திட்டம் பதினோரு மாதம் தள்ளிப்போனது. எங்கள் உழைப்பை ஒரு நொடியில் உதறிவிட்டாரே என்று நினைத்தேன். அடுத்த ஆண்டு, திருத்திய கையுறையைப் போட்டுக்கொண்டு மேலே போய் இறங்கிவந்த ஒரு ஹவில்தார், பத்து விரலையும் விரித்து என்னிடம் காட்டினார். அப்போதுதான் என் கோபம் தீர்ந்தது. அந்தப் பெரியவர் எங்களைவிட அதிகம் தெரிந்தவராக இருந்ததால் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எங்கள் வரைபடத்தின்மேல் அவருக்குப் பாசம் இல்லை, பதவி உயர்வு இல்லை, பயமும் இல்லை. அதனால் கேட்டார்.

இது ஒரு கையுறைக்கு மட்டும் பொருந்துகிற சங்கதி இல்லை. 1935 ஜனவரியில் பிரிட்டனில் வான் பாதுகாப்புக்காக ஒரு சிறு குழு கூடியது. ஹென்றி டிசார்ட் தலைவர். பிளாக்கெட் என்ற இயற்பியலாளரும் ஏ.வி. ஹில் என்ற உடலியங்கியல் அறிஞரும் உறுப்பினர்கள். ரேடியோ அலையால் விமானியைச் செயலிழக்கச் செய்ய முடியுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. முடியாது, ஆனால் விமானம் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பதில் தந்தார் ரேடியோ ஆராய்ச்சியாளர் வாட்சன்-வாட். பிப்ரவரி 26 அன்று டேவன்ட்ரி அருகே ஒரு வயலில் அதைச் சோதித்தும் காட்டினார்கள். குழு கூடி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஐந்து ஆண்டு கழித்து இரண்டாம் உலகப் போரில் அந்த நாட்டைக் காப்பாற்றியவற்றில், அப்படிப் பிறந்த ரேடார் வரிசையும் ஒன்று.

அதே டிசார்டும் பிளாக்கெட்டும் 1942இல் இன்னொரு கணக்கைச் சரிபார்த்தார்கள். ஜெர்மன் நகரங்களின் வீடுகள்மேல் குண்டு போட்டால் எவ்வளவு சேதமாகும் என்று பிரதமர் சர்ச்சிலின் நெருங்கிய ஆலோசகர் செர்வெல் பிரபு மதிப்பிட்டிருந்தார். அது ஐந்து மடங்கு மிகை என்றார் டிசார்ட். ஆறு மடங்கு என்றார் பிளாக்கெட். யாரும் கேட்கவில்லை. பிரதமரின் காதுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றைக் குரல் வென்றது. போர் முடிவதற்குள் அந்தக் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள். கீழே மடிந்த பொதுமக்கள் அதைவிடப் பல மடங்கு. ஆட்சியாளருக்குப் பிடித்த ஒருவரின் ஆலோசனையும், ஒருவர் கணக்கை மற்றவர் சோதிக்கும் குழுவின் ஆலோசனையும் ஒன்றல்ல என்பதை நான் இங்கிருந்துதான் புரிந்துகொண்டேன். அந்த பிளாக்கெட்டைத்தான் சுதந்திர இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு வழிகாட்டும்படி நேரு கேட்டுக்கொண்டார். வல்லரசுகளோடு போட்டி போட்டு ஓடாதீர்கள், உங்கள் தொழில்திறனுக்கு ஏற்றபடி திட்டமிடுங்கள் என்பது 1948இல் அவர் கொடுத்த அறிக்கையின் சாரம்.

இப்போது நம் ஊர்க்காரர் ஒருவரிடம் வருகிறேன். கே. சுப்பிரமணியம், 1929இல் இதே திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் முதுகலை படித்து, ஐ.ஏ.எஸ். ஆனவர். ஒருநாளும் சீருடை அணிந்ததில்லை. ஆனாலும் இந்தியாவின் பாதுகாப்புச் சிந்தனையில் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1998 டிசம்பரில் தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியம் அமைந்தபோது அதன் முதல் ஒருங்கிணைப்பாளர் அவர்தான். அணு ஆயுதத்தை நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற கொள்கையின் வரைவை அந்த வாரியம் 1999 ஆகஸ்டில் வெளியிட்டது. நாடே அதை வாசித்து விவாதித்தது. 2003 ஜனவரியில் அரசு சில மாற்றங்களோடு அதிகாரபூர்வ அணுக் கோட்பாட்டை அறிவித்தது.

அந்த வரைவு வெளியான அதே 1999, மே 3. லடாக்கின் பட்டாலிக் பகுதியில் தாஷி நாம்கியால் என்ற மேய்ப்பர், காணாமற்போன தன் யாக் மாட்டைத் தேடிக் கையில் பைனாகுலரோடு மலையேறினார். தூரத்தில் முன்பின் தெரியாத ஆட்கள் பனியை விலக்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கிவந்து இராணுவத்திடம் சொன்னார். கார்கிலில் எல்லை தாண்டி வந்தவர்களைப் பற்றி முதலில் கிடைத்த தகவல்களில் அதுவும் ஒன்று. குளிர்காலத்தில் ஆள் இல்லாமல் விட்டிருந்த சிகரங்களில் எதிரி ஏறி உட்கார்ந்திருந்தான். ஜூலை 26 அன்று போர் முடிந்தபோது 527 வீரர்களை இழந்திருந்தோம்.

அதற்கு மூன்றாம் நாள், ஜூலை 29 அன்று, கார்கில் மறுஆய்வுக் குழுவை அரசு அமைத்தது. சுப்பிரமணியம் தலைவர். ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஹசாரி, மூத்த பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், அரசுச் செயலர் சதீஷ் சந்திரா ஆகியோர் மற்ற மூவர். யாரையும் சட்டப்படி சம்மன் அனுப்பி அழைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் உளவுத் துறைக் கோப்புகளைப் புரட்டினார்கள், பதவியில் இருந்தவர்களையும் ஓய்வுபெற்றவர்களையும் சந்தித்தார்கள், டிசம்பரில் அறிக்கையை முடித்தார்கள். 2000 பிப்ரவரியில் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சில பகுதிகள் பாதுகாப்புக் கருதி நீக்கப்பட்டன. மற்றவை புத்தகமாகவே வெளிவந்து கடையில் கிடைத்தன.

அந்த அறிக்கை எந்தத் தனி மனிதரையும் கூண்டில் ஏற்றவில்லை. பலருக்கு அது குறையாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1947இல் இஸ்மே பிரபு வகுத்துக் கொடுத்த பாதுகாப்பு நிர்வாகச் சட்டகத்திலேயே ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக அதிகம் மாறாமல் நாடு ஓடிக்கொண்டிருந்தது என்று அது சுட்டிக்காட்டியது. ஒரு அதிகாரியை வீட்டுக்கு அனுப்பினால் இன்னொருவர் அதே நாற்காலியில் வந்து உட்காருவார். நாற்காலியே கோணல் என்று சொல்ல வெளியாள்தான் வேண்டும்.

அதைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு 2001இல் பரிந்துரைகளைத் தந்தது. அந்தமானில் முப்படைகளின் கூட்டுக் கட்டளையகம் 2001இல் வந்தது. பாதுகாப்பு உளவு முகமை அடுத்த ஆண்டு வந்தது. ஆனால் முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவிக்கு ஒருவர் வந்து அமர 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள்! ஆலோசனைக் குழுவால் ஆணையிட முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும், அதுவே முறை. ஆனால் அறிக்கை வெளியே இருந்ததால்தான் பத்தொன்பது ஆண்டுகளும் யாராவது ஒருவர், "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று கேட்டுக்கொண்டே இருக்க முடிந்தது. 1962 சீனப் போருக்குப் பின் படைக்குள்ளேயே எழுதப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பாடத்தை எந்தத் தலைமுறை படிக்கும்?

சுப்பிரமணியத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1999இல் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது, அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசிடமிருந்து விருது வாங்கக் கூடாது என்று சொல்லி மறுத்துவிட்டார். கேள்வி கேட்க வந்தவருக்கு எதன்மேலும் ஆசை இருக்கக் கூடாது. ஆயுதம் விற்கும் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் ஆயுதக் கொள்கைக்கு ஆலோசகராக வந்தால், அவர் எவ்வளவு பெரிய அறிஞரானாலும் அந்த ஆலோசனையை நம்ப முடியாது. என் கோயம்புத்தூர்ப் பெரியவர் அந்தக் கூட்டத்துக்கு வாங்கியது இரயில் கட்டணம் மட்டும்தான்.

2025–26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்த ஆண்டு அரசு செலவழிக்கத் திட்டமிட்ட ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பதின்மூன்று ரூபாய்க்கு மேல். அது உங்கள் பெற்றோர் கட்டிய வரி, நாளை நீங்கள் கட்டப்போகும் வரி. நம் திருச்சியும் தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓர் ஊர். உங்களில் சிலர் அங்கே வேலைக்குப் போவீர்கள். மற்றவர்கள் பொருளாதாரம், தமிழ், வரலாறு, கணினி என்று வேறு வழியில் போவீர்கள். பாதுகாப்பு என்பது படைக்காரர்கள் சமாசாரம், நமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்காதீர்கள். ஒரு வேதியியல் மாணவர் நாட்டின் அணுக் கொள்கைக்கு வரைவு எழுதிய வாரியத்தை ஒருங்கிணைத்தார். ஒரு நூற்பாலைக்காரர் எத்தனையோ வீரர்களின் விரல்களைக் காப்பாற்றினார். உங்கள் துறையை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். நாடு ஒருநாள் உங்களைக் கூப்பிடும். கூப்பிடும்போது கையில் நேர்மையான ஒரு கேள்வியோடு போங்கள்.

நீங்கள் உள்ளே இருப்பவராக, கோப்பில் கையெழுத்துப் போடுபவராக உயர்ந்தால், வெளியிலிருந்து வருகிறவருக்கு நாற்காலி போடுங்கள். அவர் கேட்பது உங்களுக்குக் கசக்கும். எனக்கும் கசந்தது. கசந்தாலும் அதை எழுதி வையுங்கள்.

அந்தக் கையுறையின் பழைய மாதிரி ஒன்று, கழிவுப் பட்டியலில் சேர்ந்த பிறகு என் மேசை இழுப்பறையில் பல ஆண்டுகள் இருந்தது. என்னிடம் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு இளம் விஞ்ஞானியிடமும் அதைக் கொடுத்து, "ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார், அப்புறம் பேசலாம்" என்பேன். இன்று அதைக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் வேதியியல் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். அடுத்த ஆண்டு சேரும் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுங்கள். கழற்றியதும் உள்ளே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.