மனநலமும் ஆலயத்தின் பங்கும்

(ஆண்டுத் திருவிழாவை முன்னிட்டு ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)



திருவிழாக் காலத்தில் இம்மண்டபத்தில் புராணச் சொற்பொழிவு கேட்பதே நமது வழக்கம். இவ்வாண்டு மனநலம் பற்றிப் பேசும்படி நிர்வாகத்தினர் என்னைப் பணித்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர், "தம்பி, இது ஆஸ்பத்திரியில் பேச வேண்டிய விஷயமல்லவா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் மக்கள் மனம் உடைந்துபோகும்போது முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, இங்குதான் வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் சந்நிதியின் முன் சற்று நேரம் நின்று பார்த்தால் இது புரியும். மகன் பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கும் தாய், நட்சத்திரத்தைச் சொல்வதற்குள் குரல் தழுதழுத்துப் போகிறார். மகன் பல மாதங்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, வேலைக்குப் போவதில்லை, குளிப்பதில்லை, இரவெல்லாம் உறங்குவதில்லை. எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாயிற்று. தாயத்துக் கட்டியாயிற்று. யாரோ வைத்த செய்வினை என்று ஒருவர் சொல்ல, கிரக தோஷம் என்று இன்னொருவர் சொல்ல, போமோ வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. கையிருப்பும் நகையும் கரைந்த பிறகே மருத்துவர் என்னும் எண்ணம் வருகிறது. அதற்குள் ஓராண்டோ ஈராண்டோ ஓடிவிடுகிறது. மனநோய்க்குச் சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பதால், இந்தத் தாமதமே நம்மைப் பெரிதும் வாட்டுகிறது.

தாமதத்திற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. வெட்கமும் அச்சமும் ஆகும். பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனை, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்னும் பெயரில் இயங்குகிறது. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. ஆனால் நாமோ அந்த ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பின்னாளில் தன் மனம் தன் வசத்தில் இல்லை என்று உணரும்போது யாரிடம் வாய் திறக்கும்? வீட்டில் பெண் இருந்தால் வரன் தட்டிப் போகுமே என்று பெற்றோர் கதவைச் சாத்திக்கொள்கின்றனர்.

2023-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு மேற்கொண்ட தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினர், ஏறக்குறைய பத்து இலட்சம் பேர், மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தனர். 2019-ஆம் ஆண்டில் இந்த அளவு 2.3 விழுக்காடாக இருந்தது. இன்னொரு செய்தியைச் சொல்ல நா கூசுகிறது. எனினும் சொல்லாமல் விடுவது முறையன்று. தற்கொலை குறித்துச் சுகாதார அமைச்சு தொகுத்த தேசியப் பதிவேட்டின் 2009-ஆம் ஆண்டு அறிக்கையில், தீபகற்ப மலேசியாவின் மூன்று பெரிய இனங்களுள் இந்தியர்களிடையே காணப்பட்ட விகிதமே மிக உயர்ந்ததாக இருந்தது. நாம் சிறுபான்மையினர், துயரத்தில் மட்டும் நம் பங்கு பெரும்பங்காய் இருந்திருக்கிறது.

இத்தகைய துயரில் இருப்போருக்குத் துணை நிற்பதற்கென்றே நம் நாட்டில் இயங்கும் தொண்டு அமைப்புகளுள் மூத்தது பிஃப்ரெண்டர்ஸ். கோலாலம்பூரில் 1970-ஆம் ஆண்டில் அது தொடங்கப்பட்டது. பினாங்கு, ஈப்போ முதலிய நகரங்களிலும் அதே பெயரில் அமைப்புகள் உள்ளன. அழைப்பவர் தம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை. பேசியது எதுவும் வெளியே போகாது. மறுமுனையில் இருப்பவர் பயிற்சி பெற்ற தொண்டர், ஊதியம் பெறாதவர்.

இந்த முறையின் தொடக்கம் சுவையானது. சாட் வாரா என்னும் பாதிரியார் 1953-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத் தேவாலயம் ஒன்றில், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்போர் அழைப்பதற்கென ஒரு தொலைபேசியை வைத்தார். அவரை இதற்குத் தூண்டியது அவர் இளம் பாதிரியாராக இருந்தபோது நடத்திய ஓர் அடக்கச் சடங்கு. இறந்தவள் 14 வயதுச் சிறுமி. பூப்பெய்தியதைப் பால்வினை நோய் வந்துவிட்டது என்று தவறாக எண்ணி, கேட்பதற்கு ஒருவரும் இல்லாமல் உயிரை விட்டுவிட்டாள். (நம் வீடுகளில் அந்நாளை ஊர் கூட்டி மஞ்சள் நீராட்டாகக் கொண்டாடுகிறோம். ஆடம்பரத்தைக் குறை கூறுவோர் உண்டு, நானும் கூறியதுண்டு. ஆயினும் அப்பெண்ணைச் சுற்றி அத்தையும் மாமியும் பாட்டியும் உட்கார்ந்திருக்கும் அந்த ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பு இருக்கத்தான் செய்கிறது.)

தொலைபேசி வைத்த பிறகு கூட்டம் பெருகியது. பாதிரியாரைக் காணக் காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்து உபசரிக்கச் சில தொண்டர்கள் முன்வந்தனர். தேநீர் கொடுத்தவர்களிடமே வந்தவர்கள் மனம் விட்டுப் பேசத் தொடங்கினர். பேசி முடித்த பலர், "இனிப் பாதிரியாரைப் பார்க்க வேண்டியதில்லை" என்று எழுந்து போய்விட்டனராம். தம் அறிவுரையைவிட அந்தச் சாதாரண மனிதர்களின் செவிகளே பயன்பட்டன என்பதை அவர் கண்டுகொண்டார். அதைக் கௌரவக் குறைவாக எண்ணாமல், பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார். பல நாடுகளிலும் இன்றுள்ள இத்தகைய துணைநிற்கும் இயக்கங்களுக்கு அந்தத் தேநீர்க் கோப்பையே வித்து.

பாதிரியார் என்றதும் சிலர் முகத்தில் ஓர் ஐயம் தோன்றுவதைக் காண்கிறேன். மதம் மாற்றும் வேலையோ என்னும் அச்சம் நம்மிடையே உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. துயரில் இருப்பவரிடம் சமயத்தைப் புகுத்தக் கூடாது என்பது இவ்வியக்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பிஃப்ரெண்டர்ஸ் எந்தச் சமயத்தையும் சார்ந்ததன்று.

அன்பர்களே, இங்கேதான் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. நம்மவர்கள் அறிவுரை வழங்குவதில் வள்ளல்கள். "உனக்கென்ன குறை? உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்!" "ஒரு கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்." "பக்தி குறைந்துவிட்டது, அதனால்தான் இப்படி." இவற்றை நாம் அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவர் நெஞ்சில் இவை கதவைச் சாத்தும் ஓசையாகவே விழுகின்றன. ஏற்கெனவே தன்னைத் தானே பழித்துக்கொண்டிருப்பவருக்கு, பக்தியிலும் தாம் தோற்றுவிட்டோம் என்னும் பழி கூடுதலாகச் சேர்கிறது. மனச்சோர்வு என்பது சோம்பலுமன்று, பக்திக் குறைவுமன்று. சர்க்கரை நோயைப் போல் அதுவும் ஒரு நோய்.

பயிற்சி பெற்ற தொண்டர் செய்வது வேறு. குறுக்கே பேசாமல் கேட்கிறார். கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று வினவுகிறார். "நான் போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்று ஒருவர் சொன்னால், பேச்சை மாற்றாமல், "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேட்கிறார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று நாம் அஞ்சுகிறோம். அது தவறான அச்சம் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கேட்கப்பட்டவருக்கு, நெஞ்சில் அடைத்துக் கிடந்ததைச் சொல்ல வழி பிறக்கிறது. அத்தகைய பேச்சைக் கேட்டவர், அந்த மனிதரைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

கேட்பது மட்டும் எப்போதும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாத குரல் காதில் கேட்பவருக்கும், உண்ணாமல் உறங்காமல் மெலிந்து போகிறவருக்கும் மருத்துவர் தேவை. அதற்கு உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதில்லை. பேட்டையில் உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலேயே மருத்துவரிடம் சொல்லலாம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி. தேவையானால் அவர்களே நிபுணரிடம் அனுப்புவார்கள். சிகிச்சைக்குப் பின் மீண்டும் வேலைக்கும் சமூக வாழ்வுக்கும் திரும்ப 'மெந்தாரி' என்னும் சமூக மனநல மையங்களைச் சுகாதார அமைச்சு நடத்தி வருகிறது. மருந்து உண்பவர் திருநீறு பூசுவதை நிறுத்த வேண்டியதில்லை. நேர்த்திக்கடன் செலுத்துபவர் மருந்தையும் நிறுத்தக் கூடாது. விரதம் இருக்க விரும்புவோரும், மாத்திரை வேளை மாறாதிருக்க மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். அரசாங்க அலுவலகத்தின் முகப்பில் பல்லாண்டு பணியாற்றியவன் என்ற முறையில், காவல் நிலையம் என்னும் சொல்லே எளிய குடும்பங்களை எப்படி நடுங்க வைக்கும் என்பதை நான் அறிவேன். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் இடுவதற்குத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இடமளித்து வந்தது. அதற்கஞ்சியே பல குடும்பங்கள் ஆஸ்பத்திரியில் உண்மையை மறைத்தன. "தவறுதலாக நடந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் சென்றன. 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கிவிட்டது. இனி அது குற்றமன்று. இச்செய்தி இன்னும் நம் வீடுகள் அனைத்தையும் எட்டவில்லை, அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லுங்கள்.

தமிழில் 'ஆற்றுப்படை' என்றோர் இலக்கிய வகை உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வழியில் வாடி நிற்கும் இன்னொருவரிடம், "இன்ன வழியே போ, இன்னாரிடம் கேள்" என்று சொல்வதே அதன் அமைப்பு. முருகனிடம் அவ்வாறு வழிப்படுத்துவது திருமுருகாற்றுப்படை. மனநல ஆலோசனையை 'ஆற்றுப்படுத்துதல்' என்று தமிழறிஞர்கள் வழங்குவது எவ்வளவு பொருத்தம்! ஆலயமே நோயைக் குணப்படுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கு வருகிறவருக்கு அடுத்த வழியைச் சொல்லும் இடமாக அது இருக்கட்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. நன்கொடையாளர் பட்டியல் தொங்கும் அறிவிப்புப் பலகையில் இரண்டு தொலைபேசி எண்களுக்கு இடம் கொடுக்கலாம். கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ்: 03-7627 2929. சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஹீல்' உதவி எண்: 15555. அலுவலகத்தின் பின்னுள்ள சிறிய அறையை, அழுதுகொண்டு வருபவர் நாலு பேர் பாராமல் உட்கார்வதற்கு ஒழித்துக் கொடுக்கலாம். குருக்கள் ஐயாவிடம் நம் மக்கள் சொல்வதை வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை. அர்ச்சனை முடிந்ததும் அவர், "டாக்டரையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள், அம்மா" என்று சொன்னால், என்னைப் போன்றவர் நூறு முறை பேசுவதைவிட அது பலன் தரும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று உண்டு. அது நிர்வாகத்தின் கையில் இல்லை, நம் எல்லோரின் வாயிலும் இருக்கிறது. அந்த அறைக்குள் யார் போனார், ஏன் போனார் என்பது அன்னதானப் பந்தியில் பேச்சாகிவிட்டால், மறுவாரம் ஒருவரும் அங்கே வரமாட்டார்கள்.

தாய்மொழியில் அழுபவருக்குத் தாய்மொழியில் பதில் கிடைக்க வேண்டும். அதற்குத் தமிழ் பேசும் தொண்டர்கள் முன்வர வேண்டும். பட்டம் தேவையில்லை, தேர்வும் பயிற்சியும் அவர்களே நடத்துவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தாய்மார்களும் இதனை எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். விருப்பமுள்ளோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். தொலைபேசி எண்கள் அச்சிட்ட சிறிய அட்டைகள் பிரசாத மேசையில் உள்ளன. யாருக்கு என்று எவரும் கேட்கமாட்டார்கள், எடுத்துச் செல்லுங்கள்.