சாலையை ஓரத்திலிருந்து வரைவோம்



கடைத்தெருக்களை நடப்பவருக்கு ஏற்றவையாக மாற்றுவது பற்றிப் பேச மைசூருவில் கூடியிருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான ஊர் தென்னாட்டில் அரிது. ஆண்டுதோறும் விஜயதசமியன்று, 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமந்த யானை அரண்மனையிலிருந்து கிளம்பி, சயாஜி ராவ் சாலை வழியே பன்னிமண்டபம் வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்கிறது. ஊரின் தலையாய வணிகச் சாலை அந்த நேரத்தில் நடப்பவருக்கும் நின்று பார்ப்பவருக்கும் மட்டுமே உரியது. வண்டிகள் சுற்றிப் போகின்றன. ஊர் முடங்கிப் போவதில்லை. தேவராஜ அர்ஸ் சாலையை வண்டிகளுக்கு மூடிவிட்டு, தசரா காலத்தில் அங்கே திறந்தவெளித் தெருவிழாவும் நடத்தியிருக்கிறார்கள். வண்டியில்லாத கடைத்தெரு எப்படியிருக்கும் என்று இவ்வூராருக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. விழா முடிந்ததும் அந்த இடத்தை அவர்களிடமிருந்து திரும்பப் பறித்துக்கொள்கிறோமே, அதுதான் என் கவலை.

இந்த நகரம் தற்செயலாக வளர்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் இதை உலுக்கியது. 1903-இல், நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், நகர மேம்பாட்டுக்கென்றே தனி வாரியம் ஒன்றைச் சட்டத்தின் வழி அமைத்தார்கள். காற்றும் வெளிச்சமும் புகும்படி தெருக்களைத் திட்டமிட்ட மரபு அங்கிருந்து வருகிறது. பழைய வணிகப் பகுதிகளில் கட்டட வரிசைகளுக்குப் பின்னால் துப்புரவுக்கென்று விட்ட சந்துகள் இன்றும் இருக்கின்றன. 'கன்சர்வென்சி சந்து' என்று இங்கே சொல்வார்கள். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அர்ஸ் சாலைக்கு வருவோம். துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த ஒருவழிச் சாலை. பக்கத்திலேயே தேவராஜ மார்க்கெட். மல்லிகையும் வெற்றிலையும் குங்குமக் குவியலும் வாங்க வருபவர்கள் அங்கிருந்து இங்கே நடந்துதான் வருகிறார்கள். அவர்களுக்கு நாம் கொடுத்திருக்கும் வழியைப் பாருங்கள். ஒரு கடைவாசலில் நடைபாதை உயர்கிறது, அடுத்த கடையில் சரிவாகி இறங்குகிறது, அதற்கடுத்து ஒரு விளம்பரப் பலகை, பிறகு வரிசையாக ஸ்கூட்டர்கள். கைக்குழந்தையோடு வரும் பெண்ணும் கோலூன்றிய முதியவரும் வேறு வழியின்றி வண்டிகளுக்கு நடுவே இறங்குகிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் வருவதே இல்லை. ஆகவே அவர் எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறுவதும் இல்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. சாலை வரைபடம் தீட்டும் எவரும் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். நம் பொறியாளர்கள் சாலையை நடுவிலிருந்து வரைகிறார்கள். நடுக்கோடு, ஓடுபாதை, அதன் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடம். எஞ்சிய இடத்தில் நடைபாதை. கடைத்தெருவில் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். கடைவாசலிலிருந்து தொடங்குங்கள். இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையின்றி இருக்க வேண்டும் என்றது. ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றும் சொன்னது. கூட்டம் மிகுந்த கடைவீதிக்கு இந்த 1.8 மீட்டர் போதவே போதாது. கடைக் கண்ணாடி முன் நிற்பவருக்கு ஓர் இடம், நடப்பவருக்கு ஓர் இடம், மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி ஆகியவற்றுக்கு ஓர் இடம் என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மீதமிருப்பதை வண்டிகளுக்குக் கொடுங்கள். ஒருவழிச் சாலைக்கு இது பெரிய இழப்பே இல்லை.

வணிகர்களின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. வாசலில் வண்டி நிறுத்த முடியாவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்று அவர்கள் சொல்வது பிழைப்பைப் பற்றிய பேச்சு. அதற்கு அறிவுரையால் விடை சொல்ல முடியாது, கணக்கால்தான் முடியும். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 12 சதுர மீட்டர் வேண்டும். காலையில் முதலில் வந்து நிற்கும் வண்டிகள் யாருடையவை, அவை எத்தனை மணி நேரம் அசையாமல் நிற்கின்றன, அதே இடத்தில் நடந்து வந்து பொருள் வாங்கியவர் எத்தனை பேர்? இதை எண்ணிக் கடைக்காரர் கையில் கொடுங்கள். அந்தப் பின்சந்துகள் இங்கேதான் உதவும். சரக்கு இறக்குவதையும் கடை ஊழியர்களின் இருசக்கர வண்டிகளையும் அங்கே கொண்டுபோக முடிந்தால், முன்வாசல் நெரிசலில் ஒரு பங்கு குறையும். நூறாண்டுக்கு முந்தைய திட்டமிடலின் பயன் நமக்காகக் காத்திருக்கிறது.

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரை இங்கே நினைவுகூர வேண்டும். சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகை பார்த்த பிறகே, 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் அங்கே திறக்கப்பட்டது. இன்று மாலையில் போனால், எதையும் வாங்காமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். தியாகராய நகரில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அந்த நெரிசலில் இடிபட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் தடுப்புத் தூண்களுக்கு இடையே பைக்குகள் நுழைவதும் உண்டு. கல் பாவுவது ஓராண்டு வேலை. அதைக் காப்பது என்றென்றைக்குமான வேலை. பெங்களூரு சர்ச் தெருவும் 2018-இல் கல் பாவிப் புதுப்பிக்கப்பட்டது. 2020 இறுதியில் வார இறுதிகளில் அதை வண்டிகளுக்கு மூடிப் பார்த்தார்கள். சில மாதங்களில் அந்த ஏற்பாடு முடிந்துபோனது.

இன்னொன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். நடைபாதையைச் சீரமைப்பது என்ற பெயரில் பூக்காரரையும் பழவண்டிக்காரரையும் விரட்டுவதை நான் ஏற்கமாட்டேன். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது விழுக்காட்டினர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்கிறது. அவர்களுக்கும் வரைபடத்திலேயே இடம் குறிக்கப்பட வேண்டும். விளக்கும் ஆளும் இருக்கும் தெருவில்தான் பெண்கள் இரவு எட்டு மணிக்கும் அச்சமின்றி நடக்கிறார்கள். அந்த விளக்கையும் ஆளையும் தருபவர்களில் இவர்களும் உண்டு.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது அமைய வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. இனி இது அழகுபடுத்தும் திட்டமாகப் பேசப்படக் கூடாது. உழுபவருக்கு நிலம் சேர வேண்டும் என்று கர்நாடக முதல்வராக நிலச்சீர்திருத்தம் செய்தவர் தேவராஜ அர்ஸ். அவர் பெயரைத் தாங்கிய சாலையில் நடப்பவருக்கு இடமில்லை என்பது நமக்குத் தகாது.

மைசூரு பெரிய நகரம். ஆனால் இங்கே கண்டறிவது நஞ்சன்கூட்டுக்கும் சாமராஜநகருக்கும், மலைக்கு அப்பால் சத்தியமங்கலத்துக்கும் கூடலூருக்கும் பயன்பட வேண்டும். அங்கெல்லாம் இருப்பது ஒரே கடைத்தெரு. அதுவும் லாரிகள் போகும் சாலையாகவே இருக்கும். அவ்வூர்களுக்குப் பெருநகர நிதி வராது. சுண்ணாம்புக் கோடும் தற்காலிகத் தடுப்பும் வைத்து ஒரு வாரம் ஒத்திகை பார்ப்பதற்கான எளிய முறையை எழுதிக் கொடுங்கள், அவர்கள் செய்துகொள்வார்கள்.

இளம் ஆய்வாளர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை வாசிக்கும் முன், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அர்ஸ் சாலையின் ஒரு பக்கத்தை முழுக்க நடந்து அளந்துவிட்டு வாருங்கள். கண்பார்வையற்ற ஒருவரையும் கடைக்காரர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த அளவுகளை நாளைய அமர்வில் முதலில் வையுங்கள். மாநகராட்சிக்கு நாம் அனுப்பும் பரிந்துரை அவற்றிலிருந்தே தொடங்கட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.