உதட்டு அக்கியும் உடற்பயிற்சியும்

வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம் என் ஊர். பிளவக்கல் அணை நீர் பாயும் வயல்களினூடே மலையை நோக்கி நாள்தோறும் நடப்பது என் நெடுநாளைய வழக்கம்.

கோடை பிறந்ததும் என் கீழுதட்டோரம் அரிக்கும். மறுநாள் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும். பத்து நாளில் பொருக்குத் தட்டி ஆறும். குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொண்டதும் உண்டு. நடையின் களைப்பே காரணமென்று எண்ணி, ஓராண்டு நடையையே விட்டொழித்தேன். கொப்புளம் நின்றபாடில்லை, இரத்தத்தில் சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

வைத்தியர் சிரித்தார். "இந்த வைரஸ் கிருமி முகத்து நரம்பின் முடிச்சில் ஆயுள் முழுதும் உறங்குவது. காய்ச்சல், கவலை, கடுங்களைப்பு, வெயில் ஆகியவை அதனைத் தட்டி எழுப்பும். நீங்கள் நடையை விட்டீர்கள். நண்பகலில் வயலுக்குப் போவதை விட்டீர்களா?" என்றார். இப்பொழுது சூரியோதயத்திற்கு முன்பே நடந்து திரும்புகிறேன். கொப்புளம் கண்ட நாளிலும் மெல்ல நடப்பேன். காய்ச்சல் இருந்தால் மாத்திரம் படுத்துக்கொள்வேன். அரிப்புத் தொடங்கியவுடனேயே அவர் எழுதித்தரும் அசைக்ளோவிர் மாத்திரையை உட்கொண்டால் சற்று விரைவில் ஆறுகிறது.

சடுகுடு ஆடும் இளைஞர் நிலை வேறு. 1989இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்த மல்யுத்தப் பயிற்சி முகாமொன்றில், 175 பேரில் 60 பேரை இக்கிருமி பற்றியது. தோலோடு தோல் உரசியதே முதற்காரணம். எங்கள் தெருப் பையன் ஒருவன் பந்தய நாளன்று உதட்டில் கொப்புளத்தோடு வந்தான். "பொருக்கு உலரும்வரை களத்தில் இறங்காதே, தம்பி" என்றேன். மூன்று நாள் என்னோடு அவன் பேசவில்லை. நான்காம் நாள் விடியுமுன், தனக்கெனத் தனித் துண்டொன்றைத் தோளிலிட்டுக்கொண்டு, என் வீட்டு வாசலில் நடக்க வந்து நின்றான்.