கருவிக்காற்றுக் குழாயில் நைட்ரஜனுக்கு என்ன வேலை?

இத்துறையில் எனக்கு மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க, என்னைத் தலைமை இருக்கையில் அமர்த்தியிருக்கிறீர்கள். பெருமைதான், கொஞ்சம் படபடப்பும் இருக்கிறது.

வாயுப் பகுப்பாய்வுக் கருவிகளுக்குத் தூய அழுத்தக் காற்று என்பது நம் கருத்தரங்கின் பொருள். ஐஎஸ்ஏ 7.0.01 தரநிலை கேட்கும் அளவுகள் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம்: துகள் 40 மைக்ரானைத் தாண்டக்கூடாது, எண்ணெய் 1 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது, பனிநிலை, குழாய் சந்திக்கும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கும் 10 டிகிரி கீழே இருக்க வேண்டும். டிரையர், ஃபில்டர் பற்றியெல்லாம் பிற்பகல் கட்டுரையாளர்கள் பேசுவார்கள்.

என் வழக்கு வேறு. இந்த மூன்று அளவுகளிலும் ஆக்சிஜன் இல்லை. நைட்ரஜன் இந்தத் தேர்வை எழுதினால் மூன்றிலும் முதல் மதிப்பெண் வாங்கிவிடும்!

கம்ப்ரசர் நின்றால் கருவிக்காற்று ஹெடரில் நைட்ரஜனைத் திறந்துவிடும் ஏற்பாடு பல ஆலைகளில் உண்டு. அழுத்தம் குறையாத வரை கருவிக்கு வித்தியாசமே தெரியாது என்று மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முன்பு வாதிட்டார். வால்வைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. வால்வோடு நிறுத்தியிருக்கலாம்.

உலைப்புகையில் ஆக்சிஜன் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அனலைசரின் சிர்கோனியா செல் அதைத் தனியாக அளப்பதில்லை. மறுபக்கம் கருவிக்காற்றுக் குழாயிலிருந்து வரும் ஒப்புக்காற்றின் 20.95 சதவீதத்தோடு ஒப்பிட்டே சொல்கிறது. நைட்ரஜன் கலந்து ஒப்புக்காற்றின் ஆக்சிஜன் பாதியானால் திரையில் 4 என்று தெரியும். காற்று அதிகம் போகிறதென்று ஆபரேட்டர் டேம்பரைக் குறைப்பார். உலையில் எரியாத வாயு சேரும். அனலைசரோ தனக்கு எந்தப் பழுதும் இல்லை என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஹைட்ரஜன் சுடரை வைத்து அளக்கும் எஃப்ஐடியில் சுடரே அணைந்துவிடலாம்; ஹைட்ரஜனைத் தானாக அடைக்கும் வால்வு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கருவிகள் வெளிவிடும் நைட்ரஜன் தேங்கக்கூடிய அனலைசர் அறைக்குள் மனிதர்களும் நுழைகிறார்கள். நம்மில் பலர் புரட்டிப் பார்க்காத ஓர் ஆவணம் உண்டு: அமெரிக்க வேதி விபத்து விசாரணை வாரியம் 2003இல் வெளியிட்ட நைட்ரஜன் எச்சரிக்கை. 1992 முதல் 2002 வரை அந்நாட்டில் மட்டும் நைட்ரஜன் 80 பேரைக் கொன்றதாக அது கணக்குச் சொல்கிறது. மணமில்லை, மூச்சுமுட்டலும் தெரியாது. தூய நைட்ரஜனை ஓரிரு முறை இழுத்தாலே நினைவு தப்பும்.

அப்படியானால் கம்ப்ரசர் நின்றதும் ஆலையே நிற்கட்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். திறந்தவெளி வால்வுகளுக்கு நைட்ரஜன் தாராளமாகப் போகட்டும். அனலைசர்களுக்குத் தனிக் கிளை வேண்டும். நைட்ரஜன் திறந்த கணமே அந்தக் கிளை மூடிக்கொள்ள வேண்டும். அதன்பின் தாக்குப்பிடிக்க ஒரு காற்று ரிசீவர் வேண்டும். கிளைக்குள் ஓர் ஆக்சிஜன் சென்சரும், அறைக்குள் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வாசலிலேயே ஒலிக்கும் அலாரமும் வேண்டும். செலவு அதிகம் என்பவர்கள், உலை ஒன்றைத் திரும்பக் கட்டும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

ஆகவே நம் நிறைவுத் தீர்மானத்தில் ஆக்சிஜன் அளவை நான்காவது நிபந்தனையாகச் சேர்க்க முன்மொழிகிறேன். மறுப்பவர்கள் தேநீர் இடைவேளையிலேயே என்னைப் பிடிக்கலாம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.