சிக்காகோ தியாகிகளும் ஆளுநர் அல்ட்கெல்டும்

(மே தினத்தை முன்னிட்டு தோட்டத் தலைவர், தலைவிமாருக்காக நடத்தப்பட்ட தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



மே தினம் என்றால் நமக்கு ஊர்வலம், கொடி, மேடை. இந்த நாட்டில் 1956ஆம் ஆண்டு முதல் அது அரச விடுமுறை. சிக்காகோவில் தொழிலாளர் தலைவர்களைத் தூக்கிலிட்டார்கள் என்று எல்லா மேடையிலும் கேட்கிறோம். அதற்குப் பிறகு அந்த வழக்கு என்ன ஆனது என்பதைக் கேட்டிருக்கமாட்டோம். அந்த வழக்கில் சிறையில் எஞ்சியிருந்த மூன்று பேரை விடுதலை செய்த ஒரு சட்டத்தரணியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் பெயர் ஜோன் பீட்டர் அல்ட்கெல்ட். இலினோய் மாநிலத்தின் ஆளுநர். நம் நாட்டில் மாகாண ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். அமெரிக்காவில் மாநில மக்களே வாக்களித்து ஆளுநரைத் தெரிவு செய்கிறார்கள்.

முதலில் வழக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1886 மே 1ஆம் திகதி எட்டு மணிநேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. 3ஆம் திகதி மெக்கோர்மிக் தொழிற்சாலை வாசலில் பொலிஸ் சுட்டது. அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கட்டில் கூட்டம். நகர மேயரே வந்து பார்த்து, அமைதியாக நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பொலிஸ் அணி உள்ளே நுழைந்தது. யாரோ குண்டு வீசினார்கள். பொலிஸாரில் ஏழு பேர் இறந்தார்கள். பொலிஸ் சுட்டதில் தொழிலாளரும் செத்தார்கள். குண்டு வீசியவர் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் எட்டுப் பேர்மீது வழக்குப் போட்டார்கள். ஏழு பேருக்கு மரண தண்டனை. ஒஸ்கார் நீபி என்பவருக்கு 15 வருடச் சிறை. 1887 நவம்பர் 11ஆம் திகதி பார்சன்ஸ், ஸ்பீஸ், பிஷர், எங்கெல் ஆகிய நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். லிங் அதற்கு முதல்நாளே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். பீல்டன், ஷ்வாப் இருவருக்கும் அப்போதிருந்த ஆளுநர் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார்.

அல்ட்கெல்ட் யார்? 1847இல் ஜெர்மனியில் பிறந்தவர். கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார். அப்பா விவசாயி. பையனுக்கு அதிகம் படிப்பு வேண்டியதில்லை என்று நினைத்தவர். 16 வயதில் உள்நாட்டுப் போரில் வட பகுதிப் படையில் சேர்ந்தார். அங்கே பிடித்த காய்ச்சல் ஆயுள் முழுக்க அவரை விடவில்லை. ரயில் பாதை போடும் கூலி வேலை செய்தார். பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். சட்டக் கல்லூரிக்குப் போகாமலே சட்டம் படித்துச் சட்டத்தரணியானார். 1875இல் சிக்காகோ வந்து, காணியும் கட்டடமும் வாங்கி விற்றுப் பெரிய பணக்காரரானார். 1884இல் சிறைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இந்தத் தண்டனை முறை ஏழையைத் திருத்துவதில்லை, இன்னும் கீழே தள்ளுகிறது என்பது அதன் சாரம். பின்பு நீதிபதியானார். 1892 தேர்தலில் வென்று ஆளுநரானார்.

அவர் பதவிக்கு வந்ததும் மூவரையும் விடச்சொல்லி மகஜர் வந்தது. வர்த்தகர், வங்கிக்காரர், சட்டத்தரணிகள் என்று பல ஆயிரம் பேர் கையொப்பம் வைத்திருந்தார்கள். அதில் பெரும்பாலானோர் கேட்டது இதுதான்: குற்றவாளிகளாகவே இருந்தாலும் ஏழு வருடம் அனுபவித்துவிட்டார்கள், போதும், கருணை காட்டுங்கள்.

தோழர்களே, அந்த வழியில் போயிருந்தால் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆளுநர் நல்ல மனம் படைத்தவர் என்று பத்திரிகைகளும் எழுதியிருக்கும். அவர் வழக்குக் கட்டுகளை எடுத்து மாதக்கணக்கில் படித்தார். 1893 ஜூன் 25ஆம் திகதி தியாகிகளின் கல்லறையில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. மறுநாள், 26ஆம் திகதி, மூவரையும் விடுவித்தார். காரணங்களை நீண்ட அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார்.

அறிக்கையின் தொடக்கத்திலேயே ஒரு விடயத்தைத் தெளிவாக்கினார். நியாயமான விசாரணை நடந்து குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால், ஆளுநர் இதில் தலையிடவே கூடாது என்றார். அதன் பிறகுதான் விசாரணை எப்படி நடந்தது என்று காட்டினார். ஜூரிமாரைக் குலுக்கல் முறையில் எடுக்கவில்லை. ஒரு விசேட அதிகாரி தனக்கு வேண்டியவர்களைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார். அவர் வெளியே பேசிய பேச்சுக்குச் சத்தியக்கடதாசியே இருந்தது. இவர்கள் குற்றவாளிகள்தான் என்று ஏற்கனவே முடிவு கட்டிவிட்டோம் என்று சொன்னவர்களையும் நீதிபதி கேரி தகுதியுள்ளவர்கள் என்று ஏற்றுக்கொண்டார். குண்டு வீசியவருக்கும் இந்த எட்டுப் பேருக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. நீபிக்கு எதிராக ஆதாரமே இல்லை. நீதிபதி பக்கம் சாய்ந்து நடந்தார். இவ்வளவையும் பதிவேட்டில் இருந்தே எடுத்து வைத்தார்.

பத்திரிகைகள் பாய்ந்தன. அராஜகவாதி என்றன, வெளிநாட்டான் என்றன. அந்த இரண்டாவது வசவு நம் ஆட்களுக்குப் புதிதல்ல.

அவருடைய ஆட்சியில் நடந்த வேறு சிலதையும் சொல்லவேண்டும். 1893இல் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தும், பெண்களுக்கு எட்டு மணிநேர வேலை என்றும் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் தலைமைப் பரிசோதகராக புளோரன்ஸ் கெல்லி என்ற பெண்ணை நியமித்தார். எட்டு மணிநேரப் பகுதியை 1895இல் மாநில உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

அடுத்தது புல்மன். இந்தக் கதை லயத்தில் பிறந்த நமக்கு உடனே விளங்கும். ரயில் பெட்டி செய்யும் அந்தக் கம்பனி தொழிலாளருக்காகத் தனி நகரமே கட்டியிருந்தது. வேலையும் கம்பனியுடையது, வீடும் கம்பனியுடையது. சம்பளத்தை வெட்டினார்கள், வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆளுநர் கேட்காமலே ஜனாதிபதி கிளீவ்லன்ட் இராணுவத்தை அனுப்பினார். அல்ட்கெல்ட் எதிர்த்துத் தந்தி அடித்தார். வேலைநிறுத்தம் தோற்றது, வீடுகளில் பட்டினி. ஆளுநரே நேரில் போய் வீடு வீடாகப் பார்த்தார். வாடகைப் பாக்கியைத் தள்ளுபடி செய்யும்படி கம்பனி முதலாளியிடம் கேட்டார். அவர் இணங்கவில்லை. பொதுமக்களிடம் உதவி கேட்டு அறிக்கை விட்டார். அவருடைய சட்டமா அதிபர் கம்பனிமீது வழக்குப் போட்டார். 1898இல் தீர்ப்பு வந்தது: ரயில் பெட்டி செய்ய அனுமதி பெற்ற கம்பனிக்கு ஒரு ஊரையே சொந்தமாக வைத்திருக்க உரிமை இல்லை, வீடுகளை விற்கவேண்டும்.

அவர் நம் ஆள் என்று நான் சொல்லவில்லை. வேலைநிறுத்தங்களின்போது அவரும் மாநிலப் படையை அனுப்பியிருக்கிறார். ஆனால் ஆதாரத்தைப் படித்தார், படித்ததை மறைக்கவில்லை. 1896 தேர்தலில் தோற்றார். சொத்தும் போனது. கடைசிக் காலத்தில் கிளாரன்ஸ் டரோ என்ற சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்தார். 1902இல் ஒரு மேடையில் பேசிய இரவு மயங்கி விழுந்து, மறுநாள் இறந்தார்.

இதில் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. அரைப் பேர் போட்டால், சேமலாப நிதி கட்டாமல் விட்டால், நாம் எப்படிக் கடிதம் எழுதுகிறோம்? "ஐயா, ஏழைகள், கருணை காட்டுங்கள்" என்று எழுதுகிறோம். கருணை கேட்டால், கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். இனி எழுதும்போது திகதி போடுங்கள், எத்தனை கிலோ என்று போடுங்கள், நிறுக்கும்போது யார் பக்கத்தில் நின்றார்கள் என்று போடுங்கள். சம்பளத் துண்டைக் கிழித்து அடுப்பில் போடாதீர்கள். சிக்காகோத் தொழிலாளரின் வழக்கை ஏழு வருடம் கழித்துத் திறக்க முடிந்ததற்குக் காரணம், கட்டுகள் பத்திரமாக இருந்ததும், கேட்பதை நிறுத்தாத ஆட்கள் இருந்ததும்தான். எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக்கொடுக்கட்டும். அதற்கு நானும் வருகிறேன்.