வேலிக்கு முன்னால் புலப்படம்

வேதாரண்யம் பக்கம் வேலி போடுகிறவர்களுக்கு இரண்டு தொல்லை: உப்புக் காற்று, எல்லைத் தகராறு. இரண்டாவதுக்குத்தான் செலவு அதிகம். ஓரடி தள்ளிக் கல் ஊன்றினாலும் பங்காளியோடு பேச்சு நின்றுபோகும்.

அதனால கம்பி வாங்கக் கிளம்பும் முன்னால கைப்பேசியை எடுங்க. அரசின் 'எங்கிருந்தும் எந்த நேரத்திலும்' இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்தால் சிட்டாவும் புலப்படமும் கிடைக்கும். படத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அளவும் இருக்கும். நாடா பிடித்துப் பாருங்க. ஒத்துவரவில்லையென்றால் நிலத்தை அளக்கத் 'தமிழ்நிலம்' தளத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். இல்லையா, இ-சேவை மையம் போங்க. சர்வேயர் வரும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரும் கூட நிற்கட்டும்.

இனி வேலி. அகஸ்தியம்பள்ளி உப்பளக் காற்றில் முள்கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். சிமெண்ட் கல்லிலும் உப்பு இறங்கி, உள்ளே இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, கல் வெடிக்கும். மணலில் ஆழம் போதாவிட்டால் சாய்ந்துவிடும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னையே நிற்கவில்லையே! என்னைக் கேட்டால், தண்ணீர் தேங்காத கொல்லைக்குக் கிளுவைப் போத்துதான். மழைக்கு முன்னால நெருக்கி நடுங்க. பிறகு வருஷம் ஒருமுறை வெட்டிவிட்டால் போதும். ஆட்டுக்குத் தழையும் ஆச்சு.

கோடியக்காடு பக்கம் பன்றித் தொல்லை உண்டுதான். அதற்காக வீட்டுக் கரண்டைக் கம்பியில் விடுவது குற்றம், மனுஷ உயிரே போகும். சூரிய மின்வேலிதான் வேண்டுமென்றால், காப்புக்காட்டை ஒட்டிய நிலத்துக்கு 2023 மின்வேலி விதிகள் பொருந்தும். வனத்துறையில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்க.